யாழ்ப்பாணத்திலிருந்து ராப்: ஒரு சுயாதீனக் கலைஞரின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கான வழிகாட்டி

சுயாதீனக் கலைஞர் என்றால் எந்த நிறுவனத்தின் ஆதரவும் கிடைக்காதவர் என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் ராப் பாடும் எல்லோரும் சுயாதீனக் கலைஞர்கள்தான். ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்து படலையைத் தட்டிய இசை நிறுவனம் எதையும் நான் இங்கே கண்டதில்லை. ஆனால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டின் பின்னறையில் சில ஆண்டுகளாக இளைஞர்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுத்து வருபவன் என்ற முறையில் நான் காண்பது வேறு. பீற், அதாவது பாட்டின் பின்னணித் தாள இசை, யாரோ ஒருவருடையதாக இருக்கிறது. மூல ஒலிக்கோப்பு ஒலிப்பதிவு செய்தவரின் கணினியில் கிடக்கிறது. யூரியூப் அலைவரிசை கூட்டாளி ஒருவரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது. பாட்டின் மொழிகூடச் சென்னையிலிருந்து கடன் வாங்கியதாக இருக்கிறது. பாடியவரிடம் எஞ்சுவது பாடியவர் என்ற பெயர் மட்டுமே. பாட்டின் சொற்களும் அதன் உரிமையும் பாடியவரிடமே இருந்தால்தான் அவரைச் சுயாதீனக் கலைஞர் என்று அழைக்க முடியும் என்பதே என் கருத்து. முதல் இரண்டு ஆண்டுகளில் அதை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குதல்

மைக் வாங்குவதற்கு முன் ஒரு கொப்பியை நிரப்புங்கள். தமிழில் ராப் எழுதத் தொடங்கும் ஒருவர் முதலில் விழும் குழி வினைமுற்று. தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால், அதிலும் யாழ்ப்பாணப் பேச்சில் ‘வாறன், போறன், பாக்கிறன், கேக்கிறன்’ என்று ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியங்களின் வினையெல்லாம் ஒரே ஓசையில் முடிவதால், நூறு வரிகளையும் எந்த உழைப்பும் இல்லாமல் இயைபாக முடித்துவிடலாம். அப்படி எழுதிய பாட்டைக் கேட்பவரின் காது மூன்றாவது வரியிலேயே அடுத்த ஓசையை ஊகித்துவிடும். ஆகவே வரியின் கடைசிச் சீரில் வினையை வைக்காமல் பெயர்ச்சொல்லை வைத்து எழுதிப் பழகுங்கள். பேச்சுத் தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றுவதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

விளக்கத்துக்காக நான் எழுதிய இரண்டு வரிகளைப் பாருங்கள்:

பண்ணைக் காத்தில உப்பு, அடைவுக்கடையில காப்பு;
கண்ணைப் பாத்துச் சொல் மச்சான், உது ஆற்றை தப்பு?

பண்ணை யாழ்ப்பாணத்தின் கடலோரப் பகுதி; ‘ஆற்றை’ என்றால் ‘யாருடைய’. பண்ணை, கண்ணை என்பவை எதுகை. உப்பு, காப்பு, தப்பு என்பவை இயைபு. இந்த இயைபில் வரும் ‘ப்ப’ என்ற இரட்டிப்பு, தாளத்தில் ஸ்னேர் மேளத்தின் கூர்மையான அடி விழும் இடத்தில் வந்து உட்கார்ந்தால் அந்த அடி இரண்டு மடங்கு பலமாகக் கேட்கும். க்க, ட்ட, ப்ப, ற்ற ஆகிய வல்லின இரட்டிப்புகள் தமிழ் எங்களுக்கு இலவசமாகத் தந்திருக்கும் மேளங்கள். அவற்றை வரியின் நடுவில் சிதறவிடாமல் அடி விழும் இடங்களுக்குச் சேமித்து வையுங்கள். சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரத்தை, வேகம் தேவைப்படும் இடத்தில் ஏறக்குறைய விழுங்கிவிடலாம். நெடிலை விழுங்க முடியாது. நெடில்கள் நிறைந்த வரியை வேகமான தாளத்தில் பாட முயன்று மூச்சுத் திணறுபவர்கள், குறை தங்கள் மூச்சில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறை சொற்தெரிவில்தான் இருக்கும்.

மேலே உள்ள இரண்டாவது வரியில் ‘உது’ என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். அது, இது என்ற இரண்டுக்கும் நடுவே, கேட்பவருக்கு அருகில் இருப்பதைச் சுட்டும் உகரச் சுட்டு யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எதிரே நிற்பவரை நோக்கிப் பாடும் ஒரு கலைக்கு இதைவிடப் பொருத்தமான சுட்டு வேறு எதுவாக இருக்க முடியும்? இருந்தும், இங்கே எழுதப்படும் வரிகளில் ‘உவன்’, ‘உங்கை’, ‘உப்பிடி’ என்பவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ‘எண்டு’ என்று பேசும் பிள்ளைகள் மைக்கின் முன் நின்றதும் ‘ன்னு’ என்று பாடுகிறார்கள். திரைப்படப் பாட்டைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது இயல்பாகப் படலாம். ஆனால் சென்னைத் தமிழில் பாடச் சென்னையில் ஏற்கெனவே நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள்.

தாளத்தைக் காதில் ஏற்றுதல்

நிமிடத்துக்கு 90 அடி வேகமுள்ள பீற்றில், நான்கு அடி கொண்ட ஒரு பார் ஏறத்தாழ 2.67 விநாடி நீளும். ஒரு பாரை 16 சிறு இடங்களாகப் பிரித்தால், எல்லா இடத்தையும் நிரப்பிப் பாடுவதற்கு விநாடிக்கு 6 அசைகள் வேண்டும் (யாப்பின் நேர், நிரை அல்ல; ஓர் உயிரொலிக்கு ஓர் அசை). தொடக்கத்தில் பாருக்கு 10 முதல் 12 அசை வரை எழுதினால் போதும். மிச்சம் இருக்கும் வெற்றிடங்களில்தான் மூச்சும் பொருளும் இருக்கின்றன. 4 பார் முகப்பு, 16 பார் கொண்ட இரண்டு சரணங்கள், 8 பார் பல்லவி இரண்டு முறை என்று கூட்டினால் 52 பார், அதாவது 2 நிமிடம் 19 விநாடி. முதல் பாட்டுக்கு அவ்வளவு நீளம் போதுமானது.

இந்தக் கணக்கை உடம்பில் ஏற்றுவதற்கு எங்களிடம் இருக்கும் பள்ளிக்கூடம், தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோல். தகதிமி நான்கு, தகிட மூன்று. ‘தகிட தகிட தக’ என்று 3, 3, 2 ஆகச் சொன்னால் எட்டு இடங்கள் நிரம்பும், அழுத்தங்கள் மட்டும் நேரான அடியிலிருந்து விலகி விழும். இன்றைய ராப் பாடகர்கள் கையாளும் ஓட்டங்களில் பல இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் வாசிப்பவர்களின் வீடுகளில் சிறுபிள்ளைகள் வாயால் சொல்லிப் பழகுவதும் இதைத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழும் ஷான் வின்சென்ட் டி போல் மிருதங்கத்தோடு ராப் பாடி வெளியிட்ட காணொளிகளைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். மிருதங்கமோ தவிலோ கற்பவர் ஒருவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார். வாரத்தில் ஒரு நாள் அவரோடு உட்காருங்கள்.

பீற்றும் அதன் கடதாசியும்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பெரும்பாலோர் மிகக் குறைந்த நேரத்தைச் செலவிடுவதும் இங்கேதான். யூரியூப்பில் ‘இலவசம்’ என்ற தலைப்போடு கிடைக்கும் பீற்றுகளில் பெரும்பாலானவை, பணம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசமானவை. பாட்டை ஸ்பொட்டிஃபையில் ஏற்றிய கணத்தில், அல்லது அலைவரிசையில் விளம்பரத்தை அனுமதித்த கணத்தில், அந்த அனுமதி முடிந்துவிடும்.

காசு கொடுத்து வாங்கும் பீற்றுகளில் இரண்டு வகை உண்டு. குத்தகை முறையில் அதே பீற்றைப் பத்துப் பேரோ நூறு பேரோ வாங்கலாம். எத்தனை தடவை கேட்கப்படலாம், எத்தனை காணொளி செய்யலாம், எத்தனை ஆண்டு செல்லுபடியாகும் என்ற வரம்புகளும் உண்டு. தனியுரிமை முறையில் அதன் பின் வேறு எவருக்கும் அது விற்கப்படாது. விலை பல மடங்கு. குத்தகைக்கு வாங்கிய பீற்றில் பாடி வெளியிடும்போது, பாட்டை ஸ்பொட்டிஃபை போன்றவற்றுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் ‘யூரியூப் கொன்டென்ட் ஐடி’ என்ற தெரிவு வரும்; ஒரே ஒலி வேறு காணொளிகளில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் முறை அது. அதைத் தெரிவு செய்யாதீர்கள். செய்தால், அதே பீற்றை நியாயமாக வாங்கிய இன்னொருவரின் பாட்டின்மீது உங்கள் பெயரில் தானாகவே உரிமைக்கோரல் விழும். பீற் செய்தவர் உங்கள் உரிமத்தை இரத்துச் செய்வதற்கும் அது காரணமாகலாம். என்னிடம் ஒலிப்பதிவு செய்த ஒரு தம்பியின் முதல் பாட்டு, நன்றாகப் பரவத் தொடங்கிய வாரத்திலேயே எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த இத்தகைய கோரலால் முடங்கியது. அவர் பீற்றுக்குக் காசு கட்டியிருந்தார். ஆனால் பற்றுச்சீட்டையும் உரிமப் பத்திரத்தையும் சேமித்து வைக்கவில்லை. எதைக் காட்டி வாதாடுவது?

இவற்றையெல்லாம்விட நல்ல வழி, உள்ளூரில் இசை செய்யும் ஒருவரோடு கூட்டுச் சேர்வது. அப்போது ஒரு பக்கக் கடதாசி போதும்: பாட்டின் பெயர், திகதி, வரிகளை எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார், இயற்றிய உரிமையில் யாருக்கு எத்தனை வீதம், ஒலிப்பதிவின் உரிமை யாருடையது, இருவரின் சட்டப்பூர்வமான பெயர்களும் கையொப்பங்களும். இயற்றிய உரிமையும் (வரிகளும் இசையும்) ஒலிப்பதிவு உரிமையும் (பதிவான ஒலி) தனித்தனியானவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவானவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது; பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதியவரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். எனவே பதிவுக்காகக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, கடதாசி எழுதினால் போதும். நண்பனிடம் கையொப்பம் கேட்பது கூச்சமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு கேட்பது அதைவிடக் கூச்சமாக இருக்கும்.

திரைப்படப் பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து அதன்மேல் பாடும் ஆசை எல்லோருக்கும் வரும். பழகுவதற்குப் பாடுங்கள், வெளியிடாதீர்கள்.

பின்னறையில் ஒலிப்பதிவு

எங்கள் வீடுகள் ஒலிப்பதிவுக்குப் பகை. சீமெந்து நிலம், வெறும் சுவர், உயரமான ஓட்டுக்கூரை என்று எல்லாம் சேர்ந்து குரலை எதிரொலித்துத் திருப்பி அனுப்புகின்றன. இந்த நிலைமையில், இணையத்தில் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள் என்பதற்காகக் கொண்டென்சர் மைக்கை வாங்குவது அறையின் குறைகளையும் சேர்த்துப் பதிவு செய்வதற்குச் சமம். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் அருகில் இருக்கும் குரலை மட்டும் நன்றாகப் பிடிக்கும், கீழே விழுந்தாலும் தாங்கும், மேடைக்கும் உதவும். அதன் போலிகள் சந்தையில் நிறைய இருப்பதால் நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். அதோடு மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஓடியோ இன்டர்பேஸ், காதை மூடும் ஹெட்போன், ‘ப’ போன்ற ஒலிகளின் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் ஒரு பொப் பில்டர் இருந்தால் போதும். மென்பொருளாக பேண்ட்லாப் இலவசம். ரீப்பரை 60 நாள் பரீட்சித்துப் பார்த்த பின் வாங்கலாம்.

நீங்கள் பாடும் திசைக்கு எதிரேயும் முதுகுக்குப் பின்னாலும் மெத்தையையோ தடித்த போர்வையையோ தொங்கவிடுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பாடினாலும் பெரிய வித்தியாசம் தெரியும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், வியர்க்கத்தான் செய்யும். காலையில் பாண் விற்கும் ஓட்டோவின் மெட்டு, மாலையில் கோயில் ஒலிபெருக்கி, இடையில் காகங்கள் என்பதால் எங்களுடைய ஒலிப்பதிவு நேரம் பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான். பதிவில் ‘ம்ம்’ என்ற மின்னிரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடுகிறது. மென்பொருளில் 24 பிற் என்ற தரத்தைத் தெரிவு செய்து பதிந்து, உரத்துப் பாடும் இடத்திலும் அது காட்டும் ஒலி அளவு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகப் பதிந்ததைக் கூட்டலாம், உடைந்து பதிந்த குரலை ஒன்றும் செய்ய முடியாது. முடிந்த பாட்டை எல்லோரையும்விடச் சத்தமாக்கும் ஆசையும் வேண்டாம். ஸ்பொட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டுகளையும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தின் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டிக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது.

வெளியிடுதல்

பெயரை முடிவு செய்வதற்கு முன், அதே பெயரில் வேறொருவர் இருக்கிறாரா என்று எல்லாத் தளங்களிலும் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் அதை எப்படி எழுதுவது என்பதையும் ஒரே தடவையில் முடிவு செய்து பிறகு மாற்றாதீர்கள். அலைவரிசையையும் எல்லாக் கணக்குகளையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணோடு திறவுங்கள். ‘நான் பாத்துக்கொள்ளுறன் மச்சான்’ என்று சொல்லும் நல்ல நண்பனும் நாளை கனடாவுக்குப் போகக்கூடும்.

ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்கு விநியோகத்தர் ஒருவர் வழியாகவே பாட்டை அனுப்ப முடியும். டிஸ்ட்ரோகிட்டில் ஆண்டுக் கட்டணம்; கட்டணத்தை நிறுத்தினால், மேலதிகமாகக் காசு கட்டி வைத்திருந்தாலொழிய, பாட்டுகள் நீக்கப்படும். சீடி பேபியில் வெளியீட்டுக்கு ஒருமுறைக் கட்டணமும் வருவாயில் 9 வீதமும். ரூட்நோட்டில் முற்பணம் இல்லாத முறையில் வருவாயில் 15 வீதம். ஆண்டுக்கு ஒரு பாட்டு வெளியிடுபவருக்கு ஆண்டுக் கட்டணம் வீண் என்பதே என் எண்ணம். எதைத் தெரிவு செய்வதற்கு முன்பும், அவர்கள் காசு அனுப்பும் வழி இலங்கையில் உள்ள உங்கள் வங்கிக் கணக்குவரை வந்து சேருமா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எழுதியவரின் பெயர் கேட்கும் இடத்தில் மேடைப் பெயரை எழுதாமல் அடையாள அட்டையில் உள்ள பெயரை எழுதுங்கள். உரிமை அந்தப் பெயருக்கே சேரும்.

வெளியிடும் நாளுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிட்டால், ஸ்பொட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களைத் தொகுப்பவர்களுக்குப் பாட்டை விண்ணப்பிக்க நேரம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் வேண்டும். காணொளியை ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வெளியிட்டால், கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் 3.30, பாரிஸில் 4.30, ரொறன்ரோவில் காலை 10.30. ஊரில் இருப்பவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் ஒரே வேளையில் விழித்திருந்து பார்க்கக்கூடிய நேரம் அது.

காணொளிக்காக யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஓடுவதற்கு முன் அனுமதியை விசாரியுங்கள். அது தொல்பொருள் திணைக்களத்தின் கீழ் வருகிறது, ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தனி அனுமதியும் வேண்டும். அதைவிட, குருநகர்க் கரையிலோ உங்கள் ஒழுங்கையிலோ எடுக்கும் ஒரு காட்சி, எல்லோரும் ஏற்கெனவே எடுத்துவிட்ட கோட்டை மதிலைவிட நன்றாகவே இருக்கும். வரிகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, நினைவேந்தல் ஆகியவற்றைப் பாடாமல் யாழ்ப்பாணத்தில் ராப் பாட முடியாது என்று நினைப்பவன் நான். ஆயினும் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமும், 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கின்றன என்பதை அறிந்தே எழுத வேண்டும். ஐயம் இருக்கும் வரிகளையும் சின்னங்களையும் வெளியிடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பின் வரியை வைப்பதா மாற்றுவதா என்பது உங்கள் முடிவு.

மேடை

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பின் பொது அறையில் டிஜே கூல் ஹேர்க் இசைத்த கொண்டாட்டத்தையே ராப் அடங்கும் ஹிப் ஹொப் கலையின் பிறந்தநாளாகச் சொல்வது வழக்கம். அவருடைய சகோதரி பள்ளிக்கூட உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஏற்பாடு செய்த நிகழ்வு அது. வீரசிங்கம் மண்டபம் போன்ற பெரிய மண்டபத்துக்குக் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபமும் நாற்பது கதிரைகளும் போதும்.

‘தம்பி, உனக்கு இது நல்ல விளம்பரம்’ என்று சொல்லும் அண்ணாமார் நிறைய வருவார்கள். இரண்டு மேடைகளுக்கு அப்படிப் போகலாம், அனுபவம் கிடைக்கும். மூன்றாவதிலிருந்து குறைந்தது பயணச் செலவும் சாப்பாடும், ஐந்தாவதிலிருந்து பாதி முற்பணமும் கேளுங்கள். அதே விழாவில் சவுண்ட் செற்காரரும் பந்தல்காரரும் காசு வாங்கித்தான் வேலை செய்கிறார்கள்.

மேடைக்கு உங்கள் முழுப் பாட்டையும் ஓடவிட்டு அதன்மேல் வாயசைக்காதீர்கள். தலைமைக் குரலை நீக்கி, பல்லவியின் துணைக்குரல்களை மட்டும் வைத்து ஒரு மேடைப் பிரதியைத் தயாரித்துப் பென்டிரைவிலும் கைபேசியிலும் கொண்டுபோங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது படத்தில் அழகாகத் தெரியலாம், ஆனால் குரலை அடைத்துவிடும், ஒலிபெருக்கியின் கீச்சொலியையும் கிளப்பும். சவுண்ட் செற் அண்ணையிடம் நேரத்தோடு போய், பணிவாக, உங்கள் பக்கம் திரும்பிய ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கேளுங்கள். உங்கள் குரல் உங்களுக்குக் கேட்காவிட்டால் இரண்டாவது சரணத்தில் கத்தத் தொடங்கிவிடுவீர்கள். மூச்சுக்கு, மாலையில் ஓடிக்கொண்டே பாட்டை முழுதாகச் சொல்லிப் பழகுவதைவிட நல்ல பயிற்சியை நான் அறியவில்லை.

காசும் வீடும்

முதல் இரண்டு ஆண்டுகளில் வருமானம் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 தடவை கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு கணக்கிடப்படுகிறது. யூரியூப்பில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி வழியாக என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். வருமானம் 10 டொலரை எட்டியதும் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய எண் தபாலில் வரும், 100 டொலர் சேர்ந்த பின்னரே காசு வரும். ஆகவே விண்ணப்பத்தில் ஒழுங்கையின் பெயரோடு தபால்காரருக்கு விளங்கும் முகவரியைக் கொடுங்கள்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர் பரீட்சை முடியும்வரை எழுதினால் மட்டும் போதும். வெளியீட்டைத் தள்ளிவைத்தால் பாட்டு கெட்டுவிடாது. வேலை பார்ப்பவர் வேலையை விட வேண்டாம். வீட்டில் அம்மாவிடம் விளக்கிச் சொல்ல முயல்வதைவிட, வரிகளை அவர் முன் ஒருமுறை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்காத வரி எங்கே வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு வெளியான வாரத்தில் எல்லோரும் பார்வை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மாலையை ஒதுக்கித் திட்டக்கோப்பையும், குரல், பல்லவி, பீற் ஆகியவற்றின் தனித்தனி வேவ் கோப்புகளையும், உரிமப் பத்திரம், பற்றுச்சீட்டு, கையொப்பமிட்ட கடதாசியின் படம் ஆகியவற்றையும் ஒரே கோப்புறையில் இட்டு, ஒரு பிரதியை வெளித்தட்டிலும் மற்றதைக் கூகுள் டிரைவிலும் வையுங்கள். என்னிடம் பதிவு செய்தவர்களின் கோப்புகளை நான் ஆறு மாதம் மட்டுமே வைத்திருக்கிறேன். ஏழாவது மாதத்தில், குறும்படத்துக்குப் பல்லவியை மட்டும் கேட்கிறார்கள் அண்ணா என்று தொலைபேசி வருகிறது.